இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

கஞ்சாத் தொழிற்சாலையிலிருந்து எதையாவது வெளியே கடத்துகிறவனை உலகம் புரிந்துகொள்ளும். உள்ளே கடத்திக்கொண்டு போனவனை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. மொன்றியலில் அப்படி ஒருவன் இருந்தான். இப்போது ஓய்வெடுத்துக்கொண்டு, கர்க்லாண்டில் மகள் வீட்டு பேஸ்மென்டில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எழுத வைத்தது கார்த்திகா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் எங்கள் ஆலையில் சேர்ந்தவள். இன்று அதன் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைவி. போன மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், ஒரு டவுட். மெஷின் க்ளீன் பண்றவங்க எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கணும்னு நம்ம ரூல்ஸ்ல இருக்கு. வெறும் ஈரத்துணியால துடைக்கறதுக்கு எதுக்கு கண்ணாடி? புதுசா வந்த பசங்க கேக்கறாங்க, எனக்கே தெரியல. பழைய ஃபைல்ல கையெழுத்துப் பக்கம் மட்டும்தான் கிடைச்சுது, கீழ உங்க பேர் இருக்கு.”

“பேந்து சொல்லுறன் பிள்ளை” என்று வைத்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அதைச் சொல்வதானால் செல்வி என்கிற இன்னொருவரிடம் அனுமதி கேட்கவேண்டும். கேட்டேன். “எழுதுங்கோ அண்ணை, இனி ஆருக்கு என்ன?” என்று சிரித்தார். ஆகவே எழுதுகிறேன்.

டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தேன். அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் வேலை தேடுகிறவனைப் பார்த்தால் நேர்முகம் எடுக்கிறவர்கள் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த வருடம்தான் கஞ்சா சட்டபூர்வமாகி, அரசாங்கக் கடைகளில் வரிசை கட்டி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். விமான நிலையத்துக்குப் பின்பக்கத் தொழிற்பேட்டையில் இருந்த பழைய களஞ்சியம் ஒன்றைக் கஞ்சா ஆலையாக மாற்றி ஆள் எடுத்தார்கள். பேருந்து மாறாமல் போகலாம் என்ற ஒரே தகுதியைப் பார்த்து விண்ணப்பித்தேன்.

நேர்முகம் எடுத்தவர் லூசி. தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒல்லியான கியூபெக் பெண்மணி, என்னைவிட இரண்டு வயது இளையவர், இல்-பிசாரில் இருந்து காரில் வருகிறவர். இதற்கு முன் சீஸ் ஆலையில் இருந்தவர். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“செடிகளோடு அனுபவம் உண்டா?”

“நான் யாழ்ப்பாணம், மதாம். புகையிலை.”

சொன்னது இவ்வளவுதான். இதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. நான் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் புகையிலை உண்டு. நான் அங்கே தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கேட்கவில்லை.

முதல் வாரம் உலர்த்தும் அறையில் ஒரு பூங்கொத்தைக் கையில் தந்து, “காய்ந்துவிட்டதா?” என்றார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, “இன்னும் இரண்டு நாள்” என்றேன். அவர் ஈரப்பதம் பார்க்கும் கருவியைச் செருகினார். இரண்டு நாள் என்றே வந்தது. குருடன் எறிந்த கல் மாங்காயில் பட்டதுபோல. அன்று தொடக்கம் நான் ஆலையின் உலர்த்தல் நிபுணன். மற்றவர்கள் பூவை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். நான் கண்ணை மூடுவேன். பிறகு கருவியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

வீட்டில் என் மரியாதை வேறு விதமாக இருந்தது. மணம் உடம்போடு வந்துவிடும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றில் எழும்பிப் போவார், அல்லது நெருங்கி வந்து கதை கொடுப்பார். மனைவி பத்மா கராஜிலேயே என்னை மறிப்பார்.

“உந்த மணத்தோட உள்ளுக்கு வராதேங்கோ. உதிலயே கழட்டுங்கோ எல்லாத்தையும்.”

“குளிருது பத்மா.”

“கோயிலில வேலை செய்தனீங்களெண்டால் திருநீறு மணத்தோட உள்ளுக்கு வந்திருக்கலாம்.”

ஊராருக்கு நாங்கள் சொன்னது ‘மருந்துக் கொம்பனி’. என்ன மருந்து என்று கேட்டவர்களுக்கு, நோவுக்கு என்றேன். அதுவும் பொய்யில்லை. பொய் சொல்லாமல் பொய் சொல்வதில் நான் அந்தக் காலத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். ஒருமுறை கோயில் அன்னதானத்தில் எனக்குப் பின்னால் நின்ற பெடியன் ஒருவன், “அங்கிள், என்ன பெர்ஃபியூம்?” என்று கேட்டான். பத்மா அடுத்த மூன்று வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை.

உள்ளே போகும் முறையைச் சொல்லவேண்டும், என் குற்றம் அதில்தான் இருக்கிறது. முதல் அறையில் சொந்த உடுப்பு, மோதிரம், கடிகாரம், சங்கிலி எல்லாம் கழற்றவேண்டும். பொக்கற் இல்லாத வெள்ளை ஓவரோல், முடி வலை, தாடி வலை, சப்பாத்து உறை. முழங்கைவரை சோப்பு, பிறகு கையுறை. சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேரேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து. திரும்பி வரும்போது காவலாளி கையுறையைக்கூட உதறிப் பார்ப்பார். ஒவ்வொரு அறைக்கும் கமரா. உள்ளே போகும்போது மட்டும் ஒருவரும் சோதிப்பதில்லை. கஞ்சா ஆலைக்குள் வெளியிலிருந்து எவன் என்ன கொண்டுவரப்போகிறான்?

எழுதுவதுதான் பாதி வேலை. ஒவ்வொரு தொகுதிப் பூவுக்கும் ஒரு கட்டுக் கடதாசி. எடுத்தது யார், நிறுத்தது யார், பார்த்தது யார், எந்த நேரம், எல்லாம் நீல மையில். பிழைவிட்டால் அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் பிழைத்தது என்றும் எழுதவேண்டும். நான் ஒருநாள் ‘7’ என்பதை ‘1’ போல எழுதிவிட்டேன். லூசி என்னைக் கூப்பிட்டு, கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, பேனாவை என் பக்கம் உருட்டி, “எனக்கு விளங்கப்படுத்துங்கள், முசியே குணா” என்றார். முசியே என்றால் பிரெஞ்சில் திரு; குணரத்தினம் அவருடைய வாய்க்குள் குணாவாகிவிட்டது. விளங்கப்படுத்தினேன். எழுதச் சொன்னார். ‘அவசரம்’ என்று எழுதினேன். “எதற்கு அவசரம்?” என்றார். ‘கழிவறைக்குப் போகவேண்டியிருந்தது’ என்பது இன்றைக்கும் ஏதோ ஓர் அலமாரியில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

அவருக்குக் கோபம் வராது. அதுதான் பயம். நடக்காததை எழுதுவதும் நடந்ததை எழுதாமல் விடுவதும் அவருக்கு ஒன்றுதான். உண்மையில்லாத ஒரு கால்புள்ளியைக்கூட அந்த மனுசி விடமாட்டார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இதை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

நான் சேரும்போது பதினொரு பேர், ஒரு கோப்பி மெசின். பூக்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுவோம். பின்னேரம் விரல் மடங்காது. பிறகு வளர்ந்தது பாருங்கள், மழை விட்ட மறுநாள் காளான் மாதிரி. பக்கத்துக் களஞ்சியத்தை எடுத்தார்கள். அதற்குப் பக்கத்தையும் எடுத்தார்கள். வாகனத் தரிப்பிடம் போதாமல் புல்லில் கார் நின்றது. கோட்டுப் போட்ட ஆட்கள் தாடி வலையோடு வந்து கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தார்கள். பத்திரிகைகள் எங்களைப் பசுமைத் தொழில் என்று எழுதின.

நம்மவர்களும் மாறினார்கள். என்னைக் கண்டால் மூக்கைச் சுருக்கியவர்கள், “மருந்துக் கொம்பனியில ஆக்கள் எடுக்கினமே?” என்று காதோரம் கேட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கொம்பனிப் பங்கு ஏறும் என்று விசாரித்தார். உலர்த்தல் நிபுணன் அல்லவா, கண்ணை மூடித் தலையாட்டினேன். அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டாரோ தெரியாது. பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

அந்த வளர்ச்சியில்தான் செல்வி வந்தார். கோப்பாயிலிருந்து அகதியாக வந்து, ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்துகொண்டிருந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான்தான் லூசியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சுத்தம் செய்யும் பிரிவு. செல்வி துடைத்த மேசையில் லூசி வெள்ளைக் கையுறை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். அதற்கு மேல் பாராட்டு அந்த ஆலையில் இல்லை. ஊரில் தனியாக இருந்த தாயைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார் செல்வி. அதற்கு நிரந்தர வேலை இருக்கிறது என்ற கடிதம் வேண்டும். வேலை போனால் விண்ணப்பமும் போகும். தாய்க்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்வி தொலைபேசியில், “இன்னும் கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்று சொல்வதை நாங்கள் எல்லோரும் கேட்போம். பிரெஞ்சுக்காரர்களுக்குக்கூட அந்த வசனம் பாடமாகிவிட்டது.

கத்தரிக்கோலால் கட்டுபடியாகாது என்று ஒரு பெரிய ட்ரிம்மர் வாங்கினார்கள். வாயில் பூவைப் போட்டால் உருளைக்குள் சுற்றி, இலையெல்லாம் வெட்டுப்பட்டு மறுபக்கம் வந்துவிழும். லொறியில் வந்து இறங்கியது. என்னை அதற்குப் பொறுப்பாளனாகப் போட்டார்கள். என் பேருக்குப் பக்கத்தில் ‘பொறுப்பாளர்’ என்ற சொல்லை ஐம்பத்தொன்பது வயதில்தான் முதலில் கண்டேன். அது பூட்டி முடித்த நாள் பார்த்தால் ஆயுத பூசை.

டோர்வலில் தட்டு அடுக்கிய காலத்தில் எங்கள் வேலைநேரத்து ஆட்கள் முழுக்கத் தமிழர். வருடாவருடம் ஆயுத பூசைக்குத் தட்டு ஓடும் பட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கடலையும் அவலும் பகிர்வோம். அங்கிருந்த மேலாளர் கடலைக்காகவே காத்திருப்பார். பட்டிக்கு வைக்காத வருடம் அது இரண்டு தரம் அறுந்தது என்று ஒரு கதையும் உண்டு. புது இயந்திரம், நல்ல நாள், நான் பொறுப்பாளன். பொட்டு வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. காலையில் பத்மாவின் சாமித்தட்டில் இருந்து குங்குமமும் குழைத்த சந்தனமும் எடுத்துச் சின்னக் கடதாசியில் மடித்தேன். பொக்கற் இல்லை என்று தெரியும். கையுறைக்குள் வைத்தேன்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், இயந்திரத்தின் பெயர்ப்பலகையை வாசிக்கிறவன் மாதிரிக் குனிந்து நின்று, மேற்பலகையில் ஒரு பொட்டு வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று ஒரு கட்டுரைக்கும் உதவாதவன். பூவைத் தின்கிற இயந்திரத்துக்கு வாயில்தானே வைக்கவேண்டும் என்று பூப்போடும் வாயின் உள் விளிம்பிலும் ஒன்று வைத்தேன். பெரிதாக, ஐந்து சதக் குற்றி அளவில். “நல்லாய் ஓடவேணும்” என்று மனதுக்குள் சொன்னேன். மேற்பலகைப் பொட்டை, லூசி கண்டால் என்ன செய்வது என்று வேலை முடிய நானே துடைத்துவிட்டேன். வாயை மறந்துபோனேன்.

இயந்திரம் நன்றாக ஓடியது. முதல் தொகுதி இரண்டே நாளில் முடிந்து, வெளிச் சோதனைக்கூடத்துக்குப் போனது. அதுவரை இயந்திரத்தை ஓடவிடவில்லை. பத்து நாளில் முடிவு வந்தது: ஈயம். அளவுக்கு மேல் ஈயம். முழுத் தொகுதிக்கும் மஞ்சள் அட்டை ஒட்டித் தனியறையில் பூட்டினார்கள். அது கடைக்குப் போயிருந்தால் யாரோ புகைத்திருப்பார்கள். நோயாளிகளும் இருந்திருக்கலாம்.

லூசி விசாரணையைத் தொடங்கினார். தண்ணீர், உரம், மண், வெட்டும் தகடு, பெட்டி, ஒவ்வொன்றாக. அந்தக் கூட்டங்களில் ஆகக் கூடுதலாகப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? உரம் அனுப்பியவனில் எனக்குச் சந்தேகம் என்றேன். தகட்டைச் சோதியுங்கள் என்றேன். விமான எரிபொருள் புகை காற்றோட்டக் குழாயால் வருகிறதோ என்றுகூட ஒரு கோட்பாடு வைத்திருந்தேன். அதைப் பலகையில் படம் போட்டு விளக்கினேன். லூசி எல்லாவற்றையும் நீல மையில் எழுதிக்கொண்டார். களவெடுத்தவனே கள்ளனைத் துரத்திய கதைகள் கேட்டிருக்கிறேன். தான்தான் கள்ளன் என்று தெரியாமல் துரத்தினவன் நான்.

ஐந்தாம் நாள் லூசி டோர்ச் வெளிச்சத்தோடு இயந்திரத்தின் வாய்க்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் இருந்த பஞ்சுக்குச்சியின் நுனி சிவப்பு. “முசியே குணா, இங்கே பிறை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. இது என்ன?”

காய்ந்த சந்தனத்தோடு முக்கால் பொட்டு உதிர்ந்து, கால் பொட்டு மிச்சம். “தெரியாது, மதாம்” என்றேன். என் வாழ்நாளில் சுத்தமான, கலப்படமில்லாத முதல் பொய் அதுதான்.

பஞ்சு சோதனைக்குப் போனது; அதிலும் ஈயம் என்று பின்னர் முடிவு வந்தது. பத்மா சாமித்தட்டில் வைத்திருந்தது கடையில் வாங்கிய மலிவுக் குங்குமம். அந்த மாதிரிச் சாயத்தில் ஈயம் இருக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? நாற்பது வருடமாக நெற்றியில் வைக்கிறோம். ஆனால் லூசி முதலில் எடுத்தது சுத்தம் செய்த பேரேட்டை. முதல் ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம், ‘துடைத்தேன், உள்ளே பார்த்தேன், அந்நியப் பொருள் எதுவும் இல்லை’ என்ற மூன்று பெட்டிகளிலும் சரி போட்டுக் கீழே கையெழுத்து: செல்வி. பொய்யாகக் கையெழுத்து வைத்தால் வேலைநீக்கம். அது முதல் நாளே எங்களுக்குப் படித்துக் காட்டும் விதி. செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் காணேல்லை” என்று சொன்னார். விசாரணை முடியும்வரை வீட்டில் நிற்கும்படி அனுப்பினார்கள்.

நான் பின்னால் ஓடினேன். ஆலைக்கு வெளியே பேருந்துத் தரிப்பில் நின்றார். தலைக்கு மேலால் விமானங்கள் இறங்கும் இடம் அது. ஒன்று போகும்வரை பேசமுடியாது. ஒன்று போய் முடிந்தது.

“பிள்ளை, அந்தப் பொட்டு...”

“தெரியும் அண்ணை. அந்த றூமில தமிழர் நாங்கள் ரெண்டு பேர்தானே.”

“நீர் கண்டனீரோ?”

“கண்டனான்.”

“பேந்து ஏன் துடைக்கேல்லை?”

செல்வி என்னைக் கோபத்தோடு பார்த்தார். “ஆயுத பூசையண்டு வைச்ச பொட்டை எப்பிடி அண்ணை துடைக்கிறது? ஈரத்துணியோட கையைக் கொண்டுபோனன், மனம் வரேல்லை. அதைச் சுத்தித் துடைச்சுப்போட்டு வந்திட்டன்.”

“மதாமிட்டை என்னைச் சொல்லியிருக்கலாமே!”

“என்னை வேலைக்குச் சேர்த்தது நீங்கள். உங்களை எப்பிடிச் சொல்லுறது?” அடுத்த விமானம் வந்தது. அது போகும்வரை இருவரும் நின்றோம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வேலை போனால் அம்மாவின்ர பேப்பர் நிண்டிடும் அண்ணை. அவவுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் யோசிக்கிறன்.”

பேருந்து வந்தது. ஏறிப்போனார். அதே பேருந்தில்தான் நானும் போகவேண்டும். ஏற வெட்கமாக இருந்தது. அடுத்ததுக்கு நின்றேன்.

வீட்டில் பத்மாவிடம் சொன்னேன். சாமித்தட்டில் கைவைத்ததற்கு முதலில் ஒரு ஏச்சு. பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்: “அப்ப நாளைக்கு என்ன சொல்லப்போறியள்?”

“சொன்னால் என்னை நிப்பாட்டிப்போடுவினம். ஊருக்கெல்லாம் தெரியவரும், மருந்துக் கொம்பனி இல்லை, கஞ்சாக் கொம்பனி எண்டு.”

“ஊருக்கு எப்பவோ தெரியுமப்பா. உங்களுக்கு முன்னால சிரிக்காமல் இருக்கினம், அவ்வளவுதான்.”

அந்த வசனம் என் கடைசிப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது.

மறுநாள் காலை போனேன். நேரே லூசியின் அறைக்குப் போனேன் என்று எழுத ஆசை. இல்லை. மூன்று தரம் கோப்பி குடித்தேன். இரண்டு தரம் அறைவாசல்வரை போய்த் திரும்பினேன். ஒன்பது நாற்பதுக்கு உள்ளே போய், கதவைச் சாத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையுறை, கடதாசி, சந்தனம், வாய்.

லூசி கடைசிவரை கேட்டார். பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் நான். வெள்ளை ஓவரோலில் குனிந்து, வாய்க்குள் கைவிட்டு, பிறகு கைகூப்புகிறேன். “இந்தப் படம் இன்று காலைதான் காவல் பிரிவிலிருந்து வந்தது” என்றார். “பத்து மணிவரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன்.”

என் வீரம் இருபது நிமிடத்தில் தப்பியது.

“இன்னொன்று இருக்கிறது” என்று அடுத்த படத்தை ஓடவிட்டார். அதே நாள் பின்னேரம். செல்வி. இயந்திரத்தின் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். நிற்கிறார். உள்ளே பார்க்கிறார். துணியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, வலது கைவிரல்களால் உள்ளே மெதுவாகத் தொட்டு, அந்த விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறார். பிறகு தொடர்ந்து துடைக்கிறார்.

லூசி படத்தை அந்த இடத்தில் நிறுத்தினார். “எனக்கு விளங்கப்படுத்துங்கள், முசியே குணா. இது என்ன?”

நம்மில் யாருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. விளங்கப்படுத்தினால் செல்வி பொட்டைக் கண்டார் என்பது நிரூபணம். கண்டும் ‘எதுவும் இல்லை’ என்று கையெழுத்து. கோப்பாயில் ஒரு கண்ணோடு ஒரு தாய் பொறுத்துக்கொண்டிருக்கிறார். உண்மை சொல்ல என்றே வந்தவன் நான், அதுவும் மூன்று கோப்பி குடித்து.

“தூசி, மதாம்” என்றேன். “கண்ணில் தூசி விழுந்திருக்கும்.”

“இரண்டு கண்ணிலுமா?”

“இந்த வேலையில் தூசி அதிகம், மதாம். கண்ணில் தூசி இருந்தபடியால்தான் பொட்டைக் காணவில்லை.”

லூசி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனாவை எடுத்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு எழுதினார்: ‘சுத்தம் செய்தவரின் கண்களில் தூசி. பார்வை மறைவு. அந்நியப் பொருளைக் காணவில்லை. திருத்த நடவடிக்கை: சுத்தம் செய்யும் அனைவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.’ கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார். அவரும் வைத்தார். கார்த்திகா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தக் கண்ணாடி, இல்லாத தூசிக்காகப் போடப்பட்டது.

செல்வி அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்பினார், கண்ணாடியோடு. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, பொறுப்பாளர் பதவி போயிற்று. அந்தத் தொகுதி முழுவதையும் நானே அழிக்கவேண்டும் என்பது தண்டனையின் மற்றப் பகுதி. அழிப்பதற்கு முறை உண்டு: அரைத்து, பூனையின் கழிவுப் பெட்டிக்குப் போடும் மண்ணோடும் தண்ணீரோடும் சேர்த்து, இனி ஒருவரும் எடுத்துப் புகைக்க முடியாதபடி பிசையவேண்டும். பக்கத்தில் ஒரு சாட்சி நின்று கையெழுத்து வைக்கவேண்டும். சாட்சி செல்வி. இரண்டு நாள் பிசைந்தேன். கோதுமை மா குழைக்கிற மாதிரி இருக்கிறது என்று செல்வி சொன்னார். அதன்பிறகு ஒரு மாதம் நான் வீட்டில் ரொட்டி சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு முன் லூசி ஒரு புதிய விதி கொண்டுவந்தார். சடங்குப் பொருட்கள் உற்பத்தி அறைக்குள் தடை. ஆனால் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒவ்வொரு இயந்திரத்தின் படமும் சட்டம்போட்டு மாட்டப்படும். விரும்பியவர்கள் அதில் வைக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் நாங்கள் பொட்டு வைத்தோம். கடலையை லூசி நிறுத்துப் பார்க்காமலே சாப்பிட்டார்.

பிறகு காலம் மாறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வளர்த்தால் பூவை வாங்க யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் களஞ்சியங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், கோட்டுக்காரர்கள் வரவில்லை, சில ஆலைகள் மூடின. எங்களது தப்பியது, மெல்ல மெல்லத் திரும்பவும் வளர்ந்தது. செல்வியின் தாய் வந்து சேர்ந்தார். செல்வி இப்போது ஒரு garderie என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் கண்ணாடி எதுவும் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். உலர்த்தல் நிபுணன் என்று எழுதிய ஒரு குவளை தந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்தவன் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். எல்லோரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். லூசி மட்டும் சிரிக்கவில்லை. “உங்கள் விண்ணப்பத்திலேயே இருந்ததே” என்றார்.

புறப்படமுன் இயந்திரத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்றேன். லூசியும் கூட வந்தார். விதிப்படி இருவரும் ஓவரோல், வலை, கையுறை, விதியில் இல்லாவிட்டாலும் லூசி நீட்டிய பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு உள்ளே போனோம். அறையில் வேறு யாரும் இல்லை. ட்ரிம்மர் சுத்தமாக, ஓடாமல் நின்றது. நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். கைகூப்பக்கூட இல்லை, கமரா இருக்கிறது.

லூசி தன் கண்ணாடியை நெற்றிக்கு மேலே உயர்த்தினார். குனிந்து, இயந்திரத்தின் வாய்க்குள், நான் பொட்டு வைத்த அதே விளிம்பை வலது கைவிரல்களால் மெதுவாகத் தொட்டார். அந்த விரல்களை இரண்டு கண்களிலும், முதலில் வலது, பிறகு இடது, செல்வி செய்ததுபோலவே ஒற்றிக்கொண்டார்.

பிறகு கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து, “தூசி” என்றார்.